பெண்ணுறுப்புச் சிதைப்பும் பொகலெட்ச் கெப்ரேயும்: ஒரு வரலாற்று நோக்கு

காலங்காலமாக மக்களாற் பேணப்பட்டு வரும் வழக்காறொன்றை மாற்றுவது எங்ஙனம் என்பது சமூக வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுகின்ற வினாவாகும். சட்டம் இயற்றினால் வழக்காறு ஒழியும் என்பது ஆட்சியாளரின் நம்பிக்கை. கல்வி பரவினால் அது தானே மறையும் என்பது சீர்திருத்தவாதிகளின் நம்பிக்கை. இவ்விரு நம்பிக்கைகளும் எத்துணை மெய்யானவை என்பதை உரைத்துப் பார்ப்பதற்குப் பெண்ணுறுப்புச் சிதைப்பின் வரலாறு தக்கதோர் உரைகல்லாக அமைகின்றது. அவ்வரலாற்றில் தென் எதியோப்பியாவைச் சேர்ந்த பொகலெட்ச் கெப்ரே என்னும் பெண்மணிக்குரிய இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவக் காரணம் எதுவுமின்றிப் பெண்ணின் புறப்பிறப்புறுப்பை முழுமையாகவோ பகுதியாகவோ அகற்றுதலும், அதற்குப் பிறவகையில் ஊறு விளைவித்தலும் பெண்ணுறுப்புச் சிதைப்பு என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அந்நிறுவனம் இதனை நான்கு வகைகளாகப் பிரித்துள்ளது. அவற்றுட் கொடியது, வெட்டப்பட்ட பகுதியைச் சிறு துளையொன்று மாத்திரம் எஞ்சத் தைத்து மூடிவிடுவதாகும். குருதிப்பெருக்கு, கிருமித் தொற்று, ஆறாத வலி, பேற்றுக்காலத் துன்பம் என்பன இதனால் விளைவன. ஆறு ஆபிரிக்க நாடுகளில் இருபத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரிடம் நடத்தப்பெற்று 2006ஆம் ஆண்டில் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, இவ்வழக்குக்கு உட்பட்ட பெண்களிடையே மகப்பேற்றுச் சத்திரசிகிச்சையும் குருதிப்பெருக்கும் சிசு மரணமும் மிகுதியாயிருந்தமையைக் காட்டிற்று. 2024ஆம் ஆண்டில் யுனிசெப் நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இதற்கு உட்பட்டு வாழும் பெண்களின் தொகை 23 கோடிக்கு மேற்பட்டதாகும்.

வழக்காற்றின் தொன்மை

இவ்வழக்காறு எம்மதத்திற்கும் தனியுரிமையானதன்று. கிறித்துவுக்கு முன் 163ஆம் ஆண்டைச் சேர்ந்த கிரேக்க மொழிப் பப்பிரசுச் சுவடியொன்று எகிப்தின் மெம்பிசு நகரிலே பெண்ணொருத்திக்கு நடைபெறவிருந்த இச்சடங்கைப் பற்றிக் குறிப்பிடுகின்றது. புவியியலாளரான ஸ்திராபோவும் எகிப்தியரிடையே இவ்வழக்கு நிலவியமையைப் பதிவு செய்துள்ளார். இவையிரண்டும் இஸ்லாத்தின் தோற்றத்திற்கு நெடுங்காலம் முற்பட்டவை. முன்னையது கிறித்தவத்திற்கும் முற்பட்டது. பிற்காலத்தில் முஸ்லிம்களும் கிறித்தவரும் யூதருட் சிலரும் பழங்குடிச் சமயத்தினரும் இதனைக் கைக்கொண்டனர். சூடானிலும் எகிப்திலும் இதனைச் சுட்டும் அரபுச் சொல் 'தூய்மை' என்னும் பொருளுடையது. தூய்மை, கற்பு, திருமணத் தகுதி என்னும் மூன்று கருத்துக்களும் இவ்வாறு ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தமையே இவ்வழக்காற்றின் வேர் எனலாம். பெண்ணுக்கு நிலவுரிமை அரிதாகி, திருமணமே அவளது வாழ்வாதாரமாக அமைந்த சமுதாயத்தில், மகளை வெட்டுவித்த தாய் கொடியவள் அல்லள். மகளின் வாழ்வுக்கு வழிதேடியவளாகவே அவள் தன்னைக் கருதினாள். இவ்வுண்மையை உணராதோர் இவ்வழக்காற்றை ஒழிக்க முற்பட்டபோது நேர்ந்தவை யாவை என்பதை அடுத்து நோக்குவோம்.

அந்நியர் விதித்த தடை

கென்யாவிற் பணியாற்றிய ஸ்கொட்லாந்துத் திருச்சபையினர் 1929ஆம் ஆண்டில், பெண் விருத்தசேதனத்தைக் கைவிடுவதாகத் தம் சபையினர் உறுதி கூறல் வேண்டும் என வற்புறுத்தினர். இதன் விளைவு அவர்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாயிற்று. கிக்கூயு மக்களுட் பெருந்தொகையினர் திருச்சபையை விட்டகன்றனர். தமக்கெனச் சுதந்திரப் பாடசாலைகளையும் சபைகளையும் நிறுவினர். மிசனரிமாரையும் அதிகாரிகளையும் எள்ளி நகையாடிய 'முத்திரிகு' என்னும் ஆடற்பாடல் ஊரூராகப் பரவவே, குடியேற்ற அரசாங்கம் அதனைத் தடைசெய்தது. நிலத்தை இழந்து கொண்டிருந்த மக்கள், தம் எஞ்சிய உடைமையான பண்பாட்டின் மீதும் வெள்ளையர் கைவைப்பதாகவே இதனைக் கண்டனர். மலினோவ்ஸ்கியிடம் மானிடவியல் பயின்ற ஜோமோ கென்யாட்டா 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் இச்சடங்கைக் கிக்கூயு சமுதாயக் கட்டுக்கோப்பின் இன்றியமையாக் கூறாக எடுத்துரைத்தார். ஆக, சிறுமியரின் உடல் நலம் பற்றிய வினா தேசிய விடுதலை பற்றிய வினாவாக உருமாறிற்று. அவ்வுருமாற்றத்திற் சிறுமியரின் துன்பம் இருசாராருக்கும் இரண்டாம்பட்சமாயிற்று.

சூடானில் 1946ஆம் ஆண்டில் ஆங்கிலேய ஆட்சியினர் இவ்வழக்கின் மிகக் கொடிய வகையைக் குற்றமாக்கினர். அதே ஆண்டில் நீல நைல் நதிக்கரையிலுள்ள ருபாஆ என்னும் ஊரிற் பெண்ணொருத்தி இச்சட்டத்தின் கீழ்ச் சிறைப்படுத்தப்பட்டபோது, மஹ்மூத் முகம்மது தாஹா என்பாரின் தலைமையில் மக்கள் திரண்டெழுந்து அவளை விடுவித்தனர். கென்யாவின் மேரு மாவட்டத்தில் நிகழ்ந்தது இதனினும் வியப்பிற்குரியது. அங்கு 1956ஆம் ஆண்டில், குடியேற்ற அதிகாரிகளின் தூண்டுதலால், 'ஞ்சூரி ஞ்செக்கே' எனப்பட்ட முதியோர் அவை இச்சடங்கைத் தடைசெய்தது. அதனைக் கேட்ட பருவப்பெண்கள் கடைகளிற் சவர அலகுகளை வாங்கிக்கொண்டு காடுகளுக்குச் சென்று தம்மைத் தாமே வெட்டிக்கொண்டனர். 'என்னை நானே வெட்டிக்கொள்வேன்' எனப் பொருள்படும் 'ங்காயித்தானா' என்பது அவர்களுக்கு வழங்கிய பெயராகும். தொடர்ந்த மூன்றாண்டுகளில் இத்தடையை மீறியதாக 2,400 பேருக்கு மேல் வழக்குத் தொடரப்பட்டது. எப்பெண்களைக் காப்பதற்கெனத் தடை விதிக்கப்பட்டதோ, அப்பெண்களே அதனை மீறி நின்றமை வரலாற்றின் முரண்நகையாகும்.

இம்மூன்று நிகழ்ச்சிகளும் ஓருண்மையைப் புலப்படுத்துகின்றன. தடை விதித்தோரின் மருத்துவ அறிவிற் பிழையில்லை. ஆனால் அத்தடையைச் சொல்வதற்கு அவர்களுக்கிருந்த தகுதியையே மக்கள் ஏற்கவில்லை. அடிமைப்படுத்தியவன் கூறும் அறிவுரை அறிவுரையாகச் செவியில் விழுவதில்லை.

மௌனமும் அதன் கலைவும்

குடியேற்ற ஆட்சிகள் தளர்ந்த காலத்தில் நிலைமை மறுபுறம் சாய்ந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக மன்றம் 1958ஆம் ஆண்டில் இதுபற்றி ஆராயுமாறு உலக சுகாதார நிறுவனத்தைக் கேட்டது. இது சமூக, பண்பாட்டுப் பின்னணி சார்ந்ததாகலின் தன் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது என அந்நிறுவனம் அடுத்த ஆண்டில் விலகிக்கொண்டது. பண்பாட்டின் பெயரால் நிலவிய இம்மௌனம் இருபது ஆண்டுகள் நீடித்தது.

அதனைக் கலைத்தவர்கள், தம் உடலில் அவ்வடுவைத் தாங்கிய பெண்களே. எகிப்திய மருத்துவரான நவால் எல் சாதாவி தமக்கு ஆறு வயதில் நேர்ந்ததை வெளிப்படையாக எழுதினார். பெண்ணின் பாலியல்பு பற்றி 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் காரணமாகச் சுகாதார அமைச்சிலே தாம் வகித்த பதவியை இழந்தார். 1979ஆம் ஆண்டிற் சூடானின் கார்ட்டூம் நகரிற் கூடிய கருத்தரங்கு இவ்வழக்காற்றைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. எனினும் 1980ஆம் ஆண்டிற் கோபன்ஹேகன் நகரில் நடைபெற்ற பெண்கள் மாநாட்டிலே, மேலைநாட்டுப் பெண்ணிலைவாதிகள் தம்மைக் காட்சிப் பொருளாக்கிப் பேசுவதை ஆபிரிக்கப் பெண்கள் பலர் வன்மையாகக் கண்டித்தனர். அவர்கள் வழக்காற்றை ஆதரித்தவர் அல்லர். அதைப் பற்றிப் பேசும் உரிமை முதற்கண் தமக்கே உரியது என்றனர். 1984ஆம் ஆண்டில் டக்கார் நகரில் ஆபிரிக்க நாடுகளிடைக் குழு தோன்றியமை இவ்வுணர்வின் பயன் எனலாம். பொகலெட்ச் கெப்ரேயின் பணி இவ்வரலாற்றுப் பின்னணியிலேயே வைத்து நோக்கத்தக்கது.

பொகலெட்சின் வாழ்வு

எதியோப்பியாவின் தென்பகுதியிலுள்ள மேட்டுநிலப் பிரதேசம் கெம்பாட்டாவாகும். வாழையை ஒத்த 'என்செற்' என்னும் பயிரை உணவாகக் கொண்ட உழவர்களின் நாடு அது. அங்குள்ள சிற்றூரொன்றில் 1950களிற் பிறந்த பொகலெட்ச், பன்னிரண்டாம் வயதளவில் இச்சடங்கிற்கு உட்படுத்தப்பட்டார். அவ்வூரின் ஏனைய சிறுமியருக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது. அவருடைய சகோதரியொருவர் பிள்ளைப்பேற்றின்போது உயிரிழந்தமை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்த மற்றொரு துயராகும்.

பெண்பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாத அக்காலத்தில், தண்ணீர் அள்ளப் போவதாகச் சொல்லி வீட்டினின்றும் புறப்பட்டு, மிசன் பாடசாலையிலே அவர் மறைவாகக் கல்வி கற்றார். குடத்தைச் சுமந்து சென்ற சிறுமி எழுத்தைச் சுமந்து மீண்டாள். தலைநகரான அடிஸ் அபாபாவிலுள்ள விடுதிப் பாடசாலையொன்றிற் பயிலப் புலமைப்பரிசில் கிட்டியது. பின்னர் ஜெரூசலம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பயின்றார். புல்பிரைட் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வியைத் தொடர்ந்தார். லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கொள்ளைநோயியல் ஆய்வில் ஈடுபட்டார். தனக்குச் செய்யப்பட்டது என்ன என்பதை உடற்கூற்றியல் அறிவோடு விளங்கிக்கொள்ளும் ஆற்றலை இக்கல்வியே அவருக்கு அளித்தது. அமெரிக்காவில் வாழ்ந்த காலத்திலேயே அறநிலையமொன்றைத் தொடங்கி, எதியோப்பியப் பாடசாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் 26,000 டொலர் பெறுமதியான தொழினுட்ப நூல்களை அனுப்பி வைத்தார்.

அவர் அங்கிருந்த காலத்தில் எதியோப்பியா பெருமாற்றங்களுக்கு உட்பட்டது. 1974ஆம் ஆண்டில் முடியாட்சி வீழ்ந்தது. அதன்பின் வந்த இராணுவ ஆட்சி 1991ஆம் ஆண்டில் வீழ்ந்தது. 1995ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு, தீங்கு பயக்கும் வழக்காறுகளிலிருந்து பெண்களைக் காப்பது அரசின் கடமை எனப் பிரகடனம் செய்தது. ஆயினும் யாப்பின் வாசகம் கெம்பாட்டாவின் குடிசைகளை எட்டவில்லை. அங்கு அநேகமாக எல்லாப் பெண்களும் வெட்டுக்கு உட்பட்டே வந்தனர். பெண்ணைக் கடத்திச் சென்று மணம் புரியும் வழக்கும் நிலைத்திருந்தது.

பாலமும் உரையாடலும்

பொகலெட்ச் 1997ஆம் ஆண்டிற் தாயகம் திரும்பி, தம் சகோதரி பிக்ரித்தே கெப்ரேயுடன் இணைந்து கெம்பாட்டாப் பெண்கள் அமைப்பொன்றைத் தோற்றுவித்தார். கெம்பாட்டாப் பெண்கள் ஒன்றிணைந்து உழைத்தல் என்பதே அதன் பெயர்ப் பொருளாகும். தொடக்கத்தில் அவர் தேவாலயமொன்றில் எயிட்ஸ் நோய் பற்றிப் பேசினார். அக்காலத்தில் அதுவே வாய்விட்டுப் பேசலாகாத பொருளாயிருந்தது. ஆனால் மக்களின் கவலை வேறாயிருந்தது. பிள்ளைகள் பாடசாலைக்கும் வணிகர் சந்தைக்கும் செல்வதற்கு ஒரு பாலம் வேண்டும் என்பதே அவர்கள் முன்வைத்த கோரிக்கையாகும். அவர் முதலில் அப்பாலத்தை அமைப்பதற்கு உதவினார்.

இந்நிகழ்ச்சி சிறியதாயினும் வரலாற்று நோக்கிற் பெரியது. 1929ஆம் ஆண்டின் மிசனரிமார் மக்களிடம் உறுதிமொழி கேட்டனர். இவரோ மக்களின் வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தார். முன்னவர் தம் பாடசாலையையும் தேவாலயத்தையும் தண்டனைக் கருவியாக்கினர். இவர் பாலத்தை நம்பிக்கையின் கருவியாக்கினார். மக்களின் தேவைக்குச் செவிசாய்த்தவளின் சொல்லுக்கு மக்களும் செவிசாய்த்தனர்.

அதன்பின் ஊர்தோறும் சமுதாய உரையாடல்கள் தொடங்கின. ஆடவரும் பெண்டிரும் முதியோரும் இளையோரும் மதகுருமாரும் காலந்தோறும் கூடியிருந்து, தம் ஊரின் இடர்களைத் தாமே எடுத்துப் பேசினர். வெளியார் விரிவுரை நிகழ்த்தவில்லை. அவ்வூர்களைச் சேர்ந்த பயிற்சி பெற்றோரே உரையாடலை வழிநடத்தினர். பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண்களின் கதைகள், மனைவியர் வாய்திறவாது சுமந்த வலிகள் என்பன முதன்முறையாகச் சபையிற் சொல்லப்பட்டன. மருத்துவ அறிவும் அங்கு இடம்பெற்றது. ஆனால் அறிவினும் வலியதாய் நின்றது, பேசியவள் தம்மவள் என்பதே. 'எங்கள் பண்பாட்டை நீ அறியாய்' என்று எவராலும் பொகலெட்சை நோக்கிக் கூற முடியவில்லை. அப்பண்பாட்டை அவர் தம் உடலாலேயே அறிந்திருந்தார்.

திருமணம் என்னும் திறவுகோல்

ஒரு குடும்பம் மாத்திரம் இவ்வழக்கைக் கைவிடுவது எளிதன்று. அவ்வாறு கைவிட்ட குடும்பத்தின் மகளை மணம் புரிய எவரும் முன்வரார் என்ற அச்சமே அதற்குக் காரணம். சீனாவில் நிலவிய பாதங்கட்டும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டு 1996ஆம் ஆண்டில் ஆராய்ந்த ஜெரி மாக்கி என்னும் அறிஞர், பலர் ஒருங்கே கைவிடும்போதே இத்தகைய வழக்காறுகள் ஒழியும் எனவும், அங்ஙனம் ஒழிகையில் விரைந்து ஒழியும் எனவும் காட்டினார். சீனாவிலே தம் மகளிரின் பாதங்களைக் கட்டுவதில்லை எனவும், பாதங் கட்டிய பெண்ணைத் தம் மைந்தருக்கு மணமுடிப்பதில்லை எனவும் பெற்றோர் சங்கங்களாகக் கூடி உறுதி பூண்டமையே அவ்வழக்கின் வீழ்ச்சிக்கு வழிகோலிற்று.

கெம்பாட்டாவிலும் இவ்வுண்மையே தொழிற்பட்டது. 2002ஆம் ஆண்டளவில், வெட்டுக்கு உட்படாத பெண்ணொருத்தியின் திருமணம் அங்கு ஊரறிய நடைபெற்றது. ஏறத்தாழ ஈராயிரம் பேர் அதற்குத் திரண்டனர். தான் வெட்டப்படாதவள் எனவும், தன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுமாறும் எழுதப்பட்ட அட்டையை மணமகள் அணிந்திருந்தாள். அத்தகைய பெண்ணை மணப்பதில் தனக்கு மகிழ்ச்சியே என மணமகனின் அட்டை கூறிற்று. நூறு விரிவுரைகள் அகற்ற முடியாத அச்சத்தை அவ்வொரு திருமணம் தளர்த்திற்று எனலாம். தொடர்ந்து அத்தகைய திருமணங்கள் பல நடந்தேறின. வெட்டப்படாத பெண்கள் தம்முட் சங்கம் அமைத்தனர். இறந்தோரை அடக்கஞ் செய்வதற்கென ஊர்மக்கள் பேணிவந்த 'இதிர்' எனப்படும் அடக்கச் சங்கங்களும் இவ்வழக்கிற்கு எதிரான விதிகளை ஏற்றுக்கொண்டன. பழைய சமூக நிறுவனமே புதிய ஒழுங்கின் காவலனாயிற்று.

இவற்றின் பயன் குறிப்பிடத்தக்கது. தம் மகளிரை வெட்டுவிக்க விரும்பிய ஊர்மக்களின் தொகை 1999ஆம் ஆண்டில் நூற்றுக்கு 97 ஆக இருந்தது. 2008ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு 5இலும் குறைந்தது என யுனிசெப் நிறுவனத்தின் ஆய்வு தெரிவித்தது. பொகலெட்சுக்கு 2005ஆம் ஆண்டில் வடக்கு-தெற்குப் பரிசும், பின்னர் பெல்ஜிய நாட்டின் போதுவான் மன்னர் பரிசும் வழங்கப்பட்டன. அவர் 2019ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் காலமானார்.

மதிப்பீடு

இவ்வெற்றியைத் தனியொருவரின் சாதனையாக மாத்திரம் கருதுதல் வரலாற்று நெறியாகாது. எதியோப்பிய அரசு 2004ஆம் ஆண்டின் குற்றவியற் கோவையின் மூலம் இதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. பெண்கல்வியும் சுகாதார சேவையும் அதே காலத்தில் விரிவடைந்தன. மேலும், மனப்பாங்கு பற்றிய வினாவிற்கு மக்கள் அளிக்கும் விடை எப்பொழுதும் அவர்தம் செயலோடு முற்றாகப் பொருந்தும் எனக் கொள்ளவும் இயலாது. சட்டம் வந்தபின் மறைவாகச் செய்வோர் அதனை ஒப்புக்கொள்ளத் தயங்குவர். நாடு முழுவதையும் நோக்கின் மாற்றம் மந்தமானதே. 15 முதல் 49 வயது வரையான எதியோப்பியப் பெண்களில் இவ்வழக்கிற்கு உட்பட்டோர் 2005ஆம் ஆண்டில் நூற்றுக்கு 74 ஆகவும், 2016ஆம் ஆண்டில் நூற்றுக்கு 65 ஆகவும் இருந்தனர். எனினும் 2016ஆம் ஆண்டில் 15 முதல் 19 வயது வரையானோரிடையே இது நூற்றுக்கு 47 ஆக இருந்தமை, புதிய தலைமுறை வேறு திசையிற் செல்வதை உணர்த்துகின்றது.

சட்டம் வேண்டாததொன்றா என்னும் வினா இங்கு எழலாம். அன்று. காம்பியா நாட்டில் 2015ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட தடையை நீக்குவதற்கான சட்டமூலம் 2024ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்திற் கொண்டுவரப்பட்டபோது, அதற்கு எதிராகக் குரலெழுப்பியோருள் இவ்வழக்கிற்கு ஆளான பெண்களும் இருந்தனர். அவ்வாண்டு யூலை மாதத்தில் அச்சட்டமூலம் நிராகரிக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டின் சூடானிற் சட்டம் மக்களுக்கு எதிரே நின்றது. 2024ஆம் ஆண்டின் காம்பியாவிற் பெண்களே சட்டத்தைக் காக்க நின்றனர். இவ்விரு காட்சிகளுக்கும் இடையிலான வேறுபாடே இவ்வரலாற்றின் சாரமாகும். சமுதாயத்தின் உள்ளிருந்து எழும் குரலுக்குச் சட்டம் துணையாகலாம்; அக்குரலுக்கு அது ஈடாகாது.

இப்பொருள் இலங்கைக்கும் முற்றிலும் அந்நியமானதன்று. இந்நாட்டின் சோனக, மலாய், போரா சமூகங்களைச் சார்ந்த குடும்பங்கள் சிலவற்றிற் பெண்மகவுக்குச் செய்யப்படும் 'கத்னா' பற்றி, அதனை அனுபவித்த பெண்கள் சிலர் அண்மைக்காலத்திற் பேசத் தொடங்கினர். இங்கு நிகழ்வது ஆபிரிக்க நாடுகளிற் காணப்படும் கொடிய வகைகளோடு ஒத்ததன்று. எனினும் மருத்துவர் இதனைச் செய்தலாகாது எனச் சுகாதார அமைச்சு 2018ஆம் ஆண்டிற் சுற்றுநிருபம் வெளியிட்டது. அதே ஆண்டுகளில் இந்நாட்டு முஸ்லிம்கள் பகைமைக்கும் வன்செயலுக்கும் இலக்காயினர் என்பதும் மறக்கற்பாலதன்று. பிறசமூகத்தார் இதனைப் பழிதூற்றும் கருவியாக்குவாராயின், கிக்கூயு நாட்டில் 1929ஆம் ஆண்டில் நிகழ்ந்ததே இங்கும் நிகழும். பேசத் துணிந்த பெண்களின் வாயே முதலில் அடைபடும்.

தண்ணீர் அள்ளச் செல்வதாகக் கூறிப் பள்ளிக்குச் சென்ற சிறுமியின் வாழ்வு உணர்த்துவதும் இதுவே. துன்புற்றோர் தாமே பேசுதல் வேண்டும். அவர் பேசுவதற்கு ஏற்ற சபையைச் சமுதாயம் அமைத்தல் வேண்டும். ஏனையோர் செவிசாய்த்தல் வேண்டும். கெம்பாட்டாவின் உரையாடல்கள் அத்தகைய சபைகளாக அமைந்தன. சவர அலகை எந்த அதிகாரியும் அங்கு வந்து பறிக்கவில்லை. அதனை ஏந்திய கைகளே அதனைக் கீழே வைத்தன.